பக்கத்து இருக்கை பிரேக்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் ஸ்டீயரிங்கைப் பார்ப்பார்கள். நான் அவர்கள் செருப்பைப் பார்ப்பேன். குதிகால் உயர்ந்தது, பின்வார் அறுந்தது, விரலில் மட்டும் தொங்குவது, இதில் எதையும் என் வண்டிக்குள் விடமாட்டேன். உங்கள் போலீஸ் ஷூ நல்ல ஷூதான். ஆனால் அடிப்பாகம் தடிமன். பெடல் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கால் உணர வேண்டும், அதற்கு இது கொஞ்சம் சிரமம்.

நான் யாரையும் திட்டிக் கற்றுக்கொடுத்ததில்லை. பதறாத காரியம் சிதறாது என்பார்கள், என் தொழிலுக்கென்றே சொன்னதுபோல் இருக்கும். ஒரு தையல்காரர் வந்தார். கிளட்சைத் தையல் மிஷின் என்று நினைத்து மிதித்துக்கொண்டே இருப்பார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லித்தான் செய்வார். "இப்போது இடது பக்கம் திரும்புகிறோம்" என்று அறிவித்துவிட்டு வலது பக்கம் திருப்புவார். இரண்டு பேருக்கும் உரிமம் வாங்கிக் கொடுத்தேன். பயந்தவனுக்குக் கால் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும், அதனால் பயமுறுத்தாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது என் கொள்கை.

என் பயிற்சி வண்டியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். நான் உட்காரும் பக்கத்து இருக்கையின் அடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஆபத்துக்கென்று வைத்தது. ஆனால் எங்கள் தொழிலில் அதை வைத்து ஒரு சின்னத் திருட்டுத்தனம் செய்வோம். புதிதாக வருகிறவர் பிரேக்கை லேசாகத் தொடும்போதே, நாங்களும் எங்கள் பக்கத்தில் அழுத்திவிடுவோம். வண்டி வெண்ணெயாய் நிற்கும். தன் கால்தான் நிறுத்தியது என்று அவர் நினைத்துக்கொள்வார், முகம் மலர்ந்துவிடும். தைரியம் வந்த பிறகு நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலை எடுத்துக்கொண்டு, ஒருநாள் உண்மையைச் சொல்லிவிடுவோம். எல்லோரும் சிரிப்பார்கள். நான் ஒரே ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை.

இறக்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அறிக்கையில் அது தெளிவாக இல்லை. மலைப்பாதையில் எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது என் பாடம். அலுவலகச் சுவரில் பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறேன். நீங்களும் அதைப் படித்தீர்கள், படித்துவிட்டு என்னிடம் மரியாதையாகப் பேசிவிட்டுப் போனீர்கள். இரண்டாவது கியரில் போட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரம் இன்ஜினைச் சுழற்ற வேண்டிவரும். இன்ஜின் அவ்வளவு சுலபமாகச் சுழற்ற விடாது. அந்த இழுபறியிலேயே வண்டி அடங்கி இறங்கும். பிரேக்கை வளைவுகளில் மட்டும் தொட்டால் போதும். நியூட்ரலில் போட்டால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துபோகும். பிறகு வண்டியைப் பிடித்து வைக்க பிரேக் ஒன்றுதான். அது எவ்வளவு நேரம் தாங்கும்? சூடேறும், நாறும், பிறகு பிடிக்காது.

இதை நான் என்னிடம் வந்த அத்தனை பேருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், என் மனைவியைத் தவிர.

திருமணமான புதிதில் அவள் சாலையைக் கடக்கவே பயப்படுவாள். என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை என் முதுகில் வைத்துக்கொண்டுதான் கடப்பாள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்யும் வேலை அவளுக்கு. தினமும் காலையில் நான் கொண்டுபோய் விடுவேன், மாலையில் வாசலில் நிற்பேன். தாமதமானால் கைப்பேசியில் கூப்பிடுவாள். "என்னங்க, கிளம்பிட்டீங்களா?" என்பாள். நான் வண்டியை அவள் கிளினிக் வாசலிலேயே நிறுத்திவிட்டு, "இதோ கிளம்பறேன்" என்பேன். அந்தக் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாமே என்றுதான்.

பிறகு மலை மேலே பெரிய மருத்துவமனையில் அவளுக்கு வேலை கிடைத்தது. ஆய்வகத்துக்கே அவள்தான் பொறுப்பு. அங்கேயே தங்க வீடும் தருகிறோம் என்றார்களாம். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மலைக்குப் பேருந்து குறைவு. நம் சின்ன காரை நானே ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன், சொல்லிக்கொடுங்கள் என்றாள்.

"எத்தன காலத்துக்கு நீங்களே கொண்டுபோய் விட்டுட்டு, வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பீங்க? பாவம் நீங்க," என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கு அது வேறு மாதிரி கேட்டது. நாளைக்கு இவளுக்கு நான் எதற்கு என்று தோன்றியது. ஆனாலும் சரி என்று சொன்னேன். கேட்டதை மறுக்கிற பழக்கம் என்னிடம் இல்லை.

அவள் நல்ல மாணவி. மிக நல்ல மாணவி. கிளட்ச், கியர், கண்ணாடி பார்ப்பது, பின்பக்கமாகச் செலுத்தி நிறுத்துவது எல்லாம் சொன்னவுடன் பிடித்துக்கொண்டாள். மலைப்பாதைக்கு முதல்முறை போனபோது, இறக்கத்தில் இரண்டாவது கியர் போடச் சொன்னேன். ஆம், முதலில் சரியாகத்தான் சொன்னேன். இன்ஜின் உறுமியது. அவள் முகம் வெளுத்துவிட்டது. "ஏங்க இப்படிக் கத்துது? எதாவது உடைஞ்சிடுமா?" என்று கேட்டாள்.

உடையாது, அதுதான் வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் இடது கையை நீட்டி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அப்படிப் பிடித்தாள். "அப்போ நியூட்ரல் போட்டுக்கோ, சத்தம் வராது" என்று சொன்னேன். சத்தம் நின்றது. வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவள் பிரேக்கை லேசாகத் தொட்டாள். என் பக்கத்தில் நான் நன்றாக அழுத்தினேன். "அட, எவ்வளவு லேசா இருக்கு," என்றாள். அவள் சந்தோஷப்பட்டாள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்த மலையில் போன ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்தோம். நியூட்ரல் அவள் போடுவாள். பிரேக் நான் போடுவேன். அவளுக்குத் தன் கால்மேல் அபார நம்பிக்கை வந்துவிட்டது.

உரிமம் வாங்கியபின் எங்கள் சொந்தக் காரில் அவள் தனியாகப் போய் வர ஆரம்பித்தாள். அந்த வண்டியில் பக்கத்து இருக்கைக்கு பிரேக் கிடையாது. போய் வந்த முதல் நாளே, நம் வண்டியில் பிரேக் கொஞ்சம் பத்தவில்லையே என்றாள். பழகிவிடும், நன்றாக அழுத்து என்றேன். புதிய பிரேக் கட்டைகளும் மாற்றிக் கொடுத்தேன். வண்டியில் எந்தக் குறையும் இல்லை என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்களே, அது என் கைவேலை. வண்டியின் மேல் நான் கைவைக்கவே இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும்.

நான் விரும்பியது ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் பிரேக் சூடேறி நாற்றம் வரும், அவள் பயந்து ஓரமாக நிறுத்துவாள், என்னைக் கூப்பிடுவாள். அவ்வளவுதான். அப்படியே நடந்தது. "என்னங்க, சக்கரத்துலேர்ந்து புகை வருது, கொஞ்சம் வாங்க," என்று அழுதாள். நான் ஒரு மாணவரை நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டுப் பறந்தேன். சாலையோரக் கல்லில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள். அவளை என் வண்டியில் உட்கார வைத்து, இரண்டாவது கியரில் மெதுவாகக் கீழே கொண்டுவந்தேன். இன்ஜின் உறுமியது. அவள் அழுது ஓய்ந்த களைப்பில் அதைக் கவனிக்கவில்லை. என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று கேட்டால் நான் அந்த நாளைத்தான் சொல்வேன்.

அதன்பிறகு ஒரு மாலையில் என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டாள். மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் அவள் பின்னாலேயே மலையிறங்கி வந்திருக்கிறார். முழுவழியும் அவள் பிரேக் விளக்கு அணையாமல் எரிந்ததைப் பார்த்திருக்கிறார்.

"அந்த அண்ணன் சொல்றாரு, நியூட்ரல்ல இறக்கவே கூடாதாம். கியர்ல இறக்குங்கம்மா, உயிருக்கு ஆபத்துங்கறாரு. நம்ம ஆபீஸ் சுவத்துலயும் அப்படித்தானே எழுதியிருக்கு? நான்தான் ஏதாவது தப்பா புரிஞ்சுக்கிட்டேனா?"

இந்த இடத்தை நீங்கள் கவனமாக எழுதிக்கொள்ள வேண்டும். அவள் சமையலறை வாசலில் ஈரக் கையோடு நின்றாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவள் பழியைத் தன்மேல்தான் போட்டுக்கொண்டாள், என்மேல் ஒரு சொல் இல்லை. ஆமாம், நீ தப்பாகப் புரிந்துகொண்டாய் என்று நான் சொல்லியிருந்தால் போதும், அன்றோடு முடிந்திருக்கும். கயிறு முடிச்சு விழுந்துவிட்டது. அதை அவிழ்த்து முடிக்கிற வரைக்கும் அவள் பொறுமையாக நின்றாள்.

"அது லாரி, ஆம்புலன்ஸ் மாதிரி கனமான வண்டிக்கு. நம்மது சின்ன வண்டி. கண்டவங்க சொல்றதக் கேட்டா குழப்பம்தான் வரும்," என்று சொன்னேன்.

"அதான் நானும் சொன்னேன். எங்க வீட்டுக்காரரே ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கறவரு, அவருக்குத் தெரியாதான்னு," என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சலா என்று கேட்டாள்.

இதற்குப் பிறகும் அது அங்கேயே நின்றிருக்கும். நிற்காமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டாவது முறை பிரேக் சூடேறியபோது அவள் என்னைக் கூப்பிடவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, மருத்துவமனைக் கதை ஏதோ ஒன்றை எண்ணிச் சிரித்துக்கொண்டே காற்றாட நடந்தாளாம். சக்கரம் ஆறியதும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, பரிசு வாங்கிய குழந்தையாய்ச் சொன்னாள். "உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னு நானே பாத்துக்கிட்டேன்." கெட்டிக்காரி என்று பாராட்டினேன். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் நிரம்பி வழிகிறவரை நின்றேன். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில், இந்தச் சூட்டுக்கு ஒரு வழி செய்யலாம் வா என்று அவளை நானே அழைத்துக்கொண்டு போனேன். பிரேக் சூடாவதற்குக் காரணம் இன்ஜின் வெப்பம், இறக்கத்தில் இன்ஜினுக்கு வேலையே இல்லை, அதை அணைத்துவிட்டால் எல்லாம் குளிர்ந்துவிடும் என்று விளக்கினேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். ஊர் எல்லையில் நீர்த்தொட்டி அருகே ஒரு சின்னச் சரிவு இருக்கிறது. அங்கே செய்து காட்டினேன். ஒருமுறை பிரேக் அழுத்தினால் வண்டி நின்றுவிடும் அளவுக்கான சரிவு. நின்றது. அவளுக்குத் திருப்தி.

உங்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். நம் கால் பலத்தால் மட்டும் கார் நிற்பதில்லை. பெடலை மிதிக்கும்போது இன்ஜின் கூடச் சேர்ந்து அழுத்திக்கொடுக்கிறது. இன்ஜினை அணைத்தாலும் அந்த உதவி இரண்டு மூன்று மிதிக்கு மிச்சமிருக்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும். நீர்த்தொட்டிச் சரிவுக்கு ஒரு மிதி போதும். மலைக்குப் போதாது. நான் இதையும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு, வண்டி ஓடும்போது இன்ஜினை அணைக்கவே கூடாது என்பதற்காக.

சாவியை ஒரே ஒரு படி மட்டும்தான் பின்னால் திருப்ப வேண்டும், முழுவதும் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும், ஆபத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். ஒரு படி, ஒரு படி என்று சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டாள். அந்த அளவுக்கு அவள் பாதுகாப்பில் எனக்கு அக்கறை இருந்தது. நடுவில் கியர் போடாதே, அணைந்த இன்ஜினோடு கியர் போட்டால் வண்டி குலுங்கி நிலை தடுமாறும் என்றும் சொன்னேன். அது பொய். போட்டிருந்தால் இன்ஜின் பிடித்திருக்கும், வண்டி அடங்கியிருக்கும்.

மறுவாரம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மதிய நேரம், நல்ல வெயில், சாலை காய்ந்து கிடந்தது. அவளோடு ஒரு நர்ஸ் பெண் வந்துகொண்டிருந்தாள், கால் எலும்பு முறிந்து பிழைத்துக்கொண்டாள். நான் போய்ப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா பதறவே இல்ல சார். பயப்படாத, எங்க வீட்டுக்காரர் எல்லாம் சொல்லிக்குடுத்திருக்காருன்னாங்க. பெடல் இறங்கல. கியரப் போடுங்கக்கான்னு நான் கெஞ்சினேன். அவர் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்னு சொன்னாங்க. அதுதான் கடைசியாப் பேசினது."

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, அவளுடைய அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீங்க எவ்வளவு பொறுமையா சொல்லிக்குடுத்தீங்க மாப்ள, அவளுக்குக் குடுத்து வைக்கல," என்றார். மச்சானும் நானும் கட்டிக்கொண்டு அழுதோம். என் அழுகையில் கலப்படம் ஏதும் இல்லை.

நானாக இங்கே வந்தது ஏன் என்று கேட்டீர்கள். உங்கள் அறிக்கையின் நகலை வீட்டுக்கு அனுப்பியிருந்தீர்கள். அதில், ஓட்டுநருக்குப் போதிய திறமை இல்லாததே விபத்துக்குக் காரணம் என்று இருக்கிறது. நான் அதைப் பல தடவை படித்தேன். என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்குத் திறமை இல்லை என்று எப்படி எழுதலாம்? இத்தனை வருடங்களில் நான் சொன்னதை ஒன்று விடாமல், ஒரு படி கூடுதலோ குறைவோ இல்லாமல் செய்தவள் அவள் ஒருத்திதான். நியூட்ரல் போட்டாள், சாவியை ஒரு படி மட்டும் திருப்பினாள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளவில்லை, வளைவு வரை வண்டியைச் சாலையிலேயே வைத்திருந்தாள். கொன்றவன் நான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவளுக்கு ஓட்டத் தெரியாது என்பதை மட்டும் அடித்துவிடுங்கள்.

வேலியே பயிரை மேய்ந்துவிட்டதே என்று சற்று முன்பு சொன்னீர்கள். அந்தப் பேச்சு எனக்குப் பொருந்தாது. நான் அவளை இழக்க நினைத்தவன் இல்லை. அவள் பயந்துபோய்க் கூப்பிட வேண்டும், நான் போய் அழைத்து வர வேண்டும், அதற்கு மேல் எனக்கு ஆசை கிடையாது என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று மதியம் என் கைப்பேசி எங்கே இருந்தது என்று கேட்கிறீர்கள். அலுவலக மேசை இழுப்பறையில் இருந்தது. ஆமாம், அணைத்துத்தான் வைத்திருந்தேன். வகுப்பு எதுவும் இல்லை. காலையில் அவள் கிளம்பிப் போனதுமே அணைத்தேன், மச்சான் அலுவலகத்துக்கே நேரில் வந்து சொல்கிறவரை அணைந்துதான் இருந்தது. அதனால் என்ன? அவள் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால், போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடியிருப்பேன். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம்.